முதலில் நிற்க வேண்டிய பெயர்

எங்கள் பட்டறைக்காரர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒவ்வொரு வருடமும் நான் எழுதிக் கொடுப்பது வழக்கம். இதுவரை கொடுத்ததெல்லாம் என்னைப் பற்றித்தான். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் மூன்று வெல்டிங் பட்டறைக்கு முதலாளியான கதையை எத்தனை தடவை சொன்னாலும் தகும். இன்னும் சொல்லாத பாகமும் பாக்கி இருக்கிறது. ஆனால் இந்த வருடம் என் தங்கை வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள். அவளைப் பற்றி அவள் கல்லூரிக்காரர்கள் எழுதினால் பட்டங்களை வரிசையாக அடுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அவள் எப்படிப்பட்டவள் என்பது எனக்குத்தான் தெரியும். அதனால் இந்த முறை என்னைக் கொஞ்சம் ஒத்தி வைத்தேன்.

அப்பா போனபோது எனக்குப் பத்து வயது, தங்கை கைக்குழந்தை. நான் பள்ளிக்கூடப் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஒரு கேட் பட்டறையில் போய் நின்றேன். பட்டறை எனக்குச் சொந்தமானபோது தங்கை எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். முதல் வெல்டிங் மெஷின் வாங்கினேன். அதோடு ஒரு குட்டிப் புத்தகம் வந்தது, முழுக்க ஆங்கிலம். அவள்தான் ஒரு கையில் அகராதியும் ஒரு கையில் புத்தகமுமாக முக்காலியில் உட்கார்ந்து, வரி வரியாக எனக்குச் சொன்னாள். "இதைப் பார்க்காதே, கண் போயிடும்னு போட்டிருக்கு அண்ணா" என்று அவள் சொன்ன பிறகுதான் நான் கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் பாதிப் பேருக்கு இன்று கண் மங்கல். எனக்கு இன்றைக்கும் ஊசி கோக்க வரும். ஆக, அவளுடைய ஆங்கிலத்தின் முதல் மாணவன் நான். இதை அவள் எங்கேயும் சொல்வதில்லை. நான்தான் எல்லா இடத்திலும் சொல்கிறேன்.

படிக்க வைத்தேன். படித்தாள். கடைசியில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஆங்கிலத் துறையில் சேர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கப் போகிறவர்களுக்கு, எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று சொல்லிக் கொடுக்கும் வேலை. வாத்தியாருக்கு வாத்தியார்.

அங்கே அவளோடு வேலை பார்த்தவர்தான் நெட்டை டீச்சர். வாசல் நிலை தலையில் இடிக்கும் உயரம். என் தங்கை அவர் தோளுக்குக்கூட வரமாட்டாள். நெட்டை, குட்டை என்றுதான் மாணவிகள் இருவருக்கும் பெயர் வைத்திருந்தார்கள். தங்கை அவரை அக்கா என்பாள். நெட்டை டீச்சரின் வீட்டுக்காரர் பள்ளிச் சீருடை தைக்கிற தையற்காரர். அதிகம் பேசாதவர், வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். பேச முடியாததற்கு அதுதான் காரணம் என்று டீச்சர் கேலி செய்வார்.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார்கள். விஷயம் இதுதான்: பயிற்சி மாணவி ஒருத்தி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவாள். இவர்கள் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அது சரியில்லை, இது சரியில்லை என்பார்கள். அந்தப் பேச்சை ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று பார்த்தார்களாம். மேற்பார்வையாளர் பேசிக்கொண்டே இருக்கிறார். மாணவி "சரி மேடம், சரி மேடம்" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை. நெட்டை டீச்சருக்கு ஒரு யோசனை. முதலில் மாணவி பேசட்டும், நாம் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். காத்திருந்தால் என்ன நடக்கிறது? அதைத்தான் கட்டுரையின் நடுப்பாகத்தில் அவர் எழுதினார். கணக்கும் அட்டவணையும் தங்கை. யோசனை அவருடையது, கட்டுரையின் உயிரும் அவருடையது. அதனால் முதல் பெயர் அவருடையதாக இருக்க வேண்டும் என்று தங்கைதான் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

முதலில் அனுப்பிய ஆய்விதழ், இந்த விஷயம் எங்கள் வட்டத்துக்குள் வராது என்று திருப்பி அனுப்பிவிட்டது. தங்கையின் முகம் தொங்கிவிட்டது.

"கேட் அளவு சரியா வரலைன்னா இரும்பைத் தூக்கி ஆத்துலயா போடறோம்? வேற வாசலுக்கு மாட்டு" என்றேன்.

"அதையேதான் அண்ணா அந்த லெட்டர்லயும் சொல்லியிருக்காங்க. கொஞ்சம் மரியாதையா."

ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்கென்றே வெளிவருகிற வேறோர் இதழைக் கண்டுபிடித்தார்கள். என் பட்டறை ஆபீசில்தான் நல்ல கம்ப்யூட்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் அங்கே வந்துவிடுவார்கள். ஒருநாள் எட்டிப் பார்க்கிறேன், கட்டுரையிலிருந்து தங்கள் பெயர்களை அழித்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் பக்கத்தில், அடிக்குறிப்பில், கல்லூரிப் பெயர் வருகிற இடத்தில், எல்லா இடத்திலும்.

"என்னம்மா, திருட்டுச் சாமானா?" என்றேன்.

"இதழோட விதி அண்ணா. கட்டுரையைப் படிச்சு மதிப்பிடறவங்களுக்கு யார் எழுதினதுன்னு தெரியக் கூடாது. அவங்க யாருன்னு நமக்கும் தெரியாது."

"பேர் தெரியாம எப்படி மதிப்பாங்க? நான் அடிச்ச கேட்டுல என் பேர்த் தகடு இல்லாம ஒண்ணாவது பட்டறை வாசலைத் தாண்டியிருக்கா?"

நெட்டை டீச்சர் நாற்காலியைத் திருப்பினார். "சரிண்ணே, ஒரு கேள்வி. தகட்டைக் கழட்டிட்டு உங்க கேட்டைத் தெருவுல நிறுத்தறோம். அப்பவும் ஜனங்க வாங்குவாங்களா?"

எனக்குப் பதில் வராமல் போவது அபூர்வம் என்பது சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"வாங்கினாங்கன்னா அதுதான் நல்ல கேட்டு" என்று சொல்லிவிட்டு, கடைசியாக இருந்த தன் பெயரையும் அழித்தார். "கவலைப்படாதீங்க. தேறிட்டா அவங்களே திரும்பப் போடுவாங்க."

அனுப்பினார்கள். காத்திருந்தார்கள். மழைக்காலம் வந்து போனது. அதற்குள் நெட்டை டீச்சரின் சேலை உடம்பில் நிற்கவில்லை, மெலிந்துகொண்டே போனார். ரத்தத்தில் கோளாறு. தங்கையிடம்கூடக் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கால் வெளியே நீண்டுகொண்டிருந்தது. அதைப் பார்த்து, "கட்டில் கம்பியை நீட்டிக் கொடுங்கண்ணே, உங்ககிட்டதான் வெல்டிங் இருக்கே" என்றார். தங்கையின் கையைப் பிடித்து அவர் கேட்டது ஒன்றுதான்: "பதில் வந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"வந்தா சொல்லு."

வருவதற்கு முன்னால் அவர் போய்விட்டார். அன்று மூன்று பட்டறையையும் மூடினேன். பண்டிகைக்குக்கூட நான் மூன்றையும் சேர்த்து மூடியதில்லை.

பதில் அப்புறம் வந்தது. தங்கை என் ஆபீசில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடியும் திருப்பிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, இரும்புக் கதையை எடுத்தேன்.

"ஏத்துக்கிட்டாங்க அண்ணா" என்றாள். "சில திருத்தம் செஞ்சு அனுப்பச் சொல்றாங்க." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு மதிப்பீட்டாளர்களில் ஒருவர் புகழ்ந்திருந்தார். மற்றவர், நடுப்பாகம் நீளம், குறையுங்கள் என்று எழுதியிருந்தார். நடுப்பாகம் நெட்டை டீச்சர் எழுதியது. அதில் ஒரு வரியைத் தொடத் தங்கைக்குக் கை வரவில்லை. தன்னுடைய அட்டவணைகளில் பாதியை வெட்டி எறிந்து நீளத்தைச் சரிக்கட்டினாள். மாதக்கணக்கில் உட்கார்ந்து போட்ட அட்டவணைகள். நானாக இருந்தால் அடுத்தவர் எழுதியதைத்தான் வெட்டியிருப்பேன்.

ஆனால் திருத்தியதை அனுப்பும்போது ஒரு தடை வந்தது. கட்டுரையில் பெயர் உள்ள ஒவ்வொருவரும், இந்தத் திருத்தம் எனக்குச் சம்மதம் என்று தங்கள் மின்னஞ்சலில் வருகிற இணைப்பை அழுத்தி உறுதி சொல்ல வேண்டும். தங்கைக்கு ஒன்று வந்தது. நெட்டை டீச்சருக்கு ஒன்று போனது. அது அவருடைய ஃபோனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உறுதி வராவிட்டால் அவர் பெயரை எடுத்துவிட்டுத்தான் கட்டுரை நகரும்.

"இதுல என்ன? ஃபோன் அவர் வீட்டுக்காரர்கிட்டதான இருக்கு. போய் அமுக்கிட்டு வந்துடுவோம்" என்றேன். என்னிடம் வருகிற எந்தப் பூட்டும் அரை மணியில் திறக்கும்.

"அமுக்கினா அக்கா படிச்சுட்டுச் சம்மதிச்சதா ஆகும் அண்ணா. அக்கா இதைப் படிக்கவே இல்லையே."

"படிச்சிருந்தா சம்மதிக்க மாட்டாங்களா?"

"சம்மதிப்பாங்க. அதுக்கு முன்னாடி ஏன்டி அட்டவணையை வெட்டினேன்னு சண்டை போட்டிருப்பாங்க."

அந்த வாரம் கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கல்லூரியின் பக்கவாட்டுக் கேட், பயிற்சி வகுப்பறையை ஒட்டினாற்போல் இருப்பது, நான் அடித்ததுதான். கீல் கத்துகிறதாம். கேட்டைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் தங்கையும் உள்ளே வந்தாள்; அவளையும் கூப்பிட்டிருக்கிறார். நான் எழுந்தேன். "நீங்க இருங்க, வீட்டு மனுஷர்தானே" என்றார். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று நினைத்தாரோ, ஒத்து ஊத ஆள் வேண்டும் என்று நினைத்தாரோ, தெரியாது.

"கட்டுரை தேறிடுச்சாமே, சந்தோஷம்மா" என்றார். "பாவம், அவங்க இருந்து பார்க்கலை. நல்ல மனுஷி." அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவருடைய படமே இருந்தது. "இப்ப அவங்க பேர்ல ஏதோ சிக்கல்னு கேள்விப்பட்டேன். போனவங்களுக்குக் கட்டுரையால என்னம்மா ஆகப் போகுது? எனக்குப் பதவி உயர்வுக்கு ஒண்ணு குறையுது. அவங்க இடத்துல என் பேரை ரெண்டாவதாப் போட்டுடுங்க. முதல் பேர் நீங்களே. எனக்கு அதுல ஆசை இல்ல."

"சார், நீங்க இதுல..."

"பதிவு பண்ண அனுமதி கொடுத்தது யாரு? என் கல்லூரி, என் மாணவிங்க." பேச்சை இன்னும் மென்மையாக்கினார். "துறைத் தலைவர் இடம் காலியா இருக்கு. உங்க ஃபைல் இதோ இங்கதான் இருக்கு. நானும் யோசிக்கணும், நீங்களும் யோசிங்க."

துறைத் தலைவர் நாற்காலிக்கு அவள்தான் வரிசையில் முதல். அது அவளுக்கு வர வேண்டியதுதான். கல்லூரியில் எல்லாருக்கும் தெரியும்; நான் தெருவெல்லாம் சொல்லியும் வைத்திருந்தேன்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லியிருக்க வேண்டாமா?"

"சொன்னா அவர் வேற மாதிரி கட்டுரைக்கு முட்டுக்கட்டை போடுவார் அண்ணா. முதல்ல அக்கா பேர் நிக்கட்டும். அப்புறம் நாற்காலி போனாப் போகட்டும்."

மறுநாள் இதழாசிரியருக்கு எழுதினாள். இந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் இறந்துவிட்டார், அவருடைய இணைப்பை அழுத்த ஆளில்லை, வேறு எவரும் அதை அழுத்துவது பொய்யாகும், என்ன செய்யலாம் என்று கேட்டாள். அனுப்பிவிட்டு எனக்கு அதை அப்படியே தமிழில் சொன்னாள். ஒரு வார்த்தை அதிகமும் இல்லை, ஒரு வார்த்தை குறைவும் இல்லை. நான் அடிக்கிற கேட் மாதிரி இருந்தது.

இதழாசிரியர் யாரோ எங்கேயோ இருக்கிற அம்மாள். வருத்தம் தெரிவித்துப் பதில் போட்டார். பெயரை எடுக்க வேண்டியதில்லை. குடும்பத்தார் ஒருவர் சம்மதம் எழுதித் தர வேண்டும், பெயர் அச்சில் எப்படி வர வேண்டும் என்பதையும் அவர் பார்த்துச் சொல்லிவிட வேண்டும், ஆசிரியர் காலமான விவரத்தை அடிக்குறிப்பில் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது.

தையற்காரர் வீட்டுக்கு நானும் போனேன். முன் அறையில் தையல் மெஷின், வெட்டுத் துணி, சுவரோரம் தைத்து மடித்த சீருடைகள். மெஷினின் பலகை மேல் நெட்டை டீச்சரின் ஃபோன் சார்ஜில் இருந்தது. அவர் அதைத் திறப்பதில்லை, அணையவும் விடுவதில்லை.

தங்கை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினார்.

"இங்கிலீஷ்ல எழுதியே கொண்டாந்திருக்கலாமேம்மா. கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"உங்க வார்த்தையில எழுதுங்க மாமா, நம்ம மொழியிலயே. கீழ நான் மொழிபெயர்த்துப் போடறேன். அவங்க ஒத்துப்பாங்க."

"இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிற புத்தகத்துக்கு நான் தமிழ்ல எழுதறதா?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. சீருடை அளவு குறிக்கிற காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதினார். என் மனைவி இதை எழுதியபோது சாப்பாட்டைக்கூட மறந்தாள், இது அவளுடையது, அவள் பெயரில் வர எனக்குச் சம்மதம். அவ்வளவுதான்.

பிறகு, பெயர் அச்சில் எப்படி வரும் என்பதைத் தங்கை காட்டினாள். அவர் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். விரல் நின்றது.

"இது என் பேரு இல்ல?"

"ஆமா மாமா. அந்த ஊர்க்காரங்களுக்குக் குடும்பப் பேருன்னு ஒண்ணு கட்டாயம் வேணும். நமக்கு அது கிடையாதே. கட்டத்தைக் காலியா விட்டா நகரலை. அக்கா உங்க பேரைப் போட்டுட்டாங்க."

"இது என்ன, கீழ இன்னொரு தடவை?"

"இந்தக் கட்டுரையைப் பத்தி யாராவது எழுதினா இப்படித்தான் சொல்வாங்க. குடும்பப் பேர் முழுசா, சொந்தப் பேருக்கு முதல் எழுத்து மட்டும்."

அவர் விரலை அந்த ஒற்றை எழுத்தின் மேல் வைத்தார். "அப்ப நாளைக்கு எவனோ ஒருத்தன் இதைப் படிச்சுட்டு என் பேரைச் சொல்லுவான். அவ ஒரு எழுத்தா நிப்பா."

"ஆமா."

"எடுத்துடும்மா."

"மாமா, அக்காவே போட்டது அது."

"கட்டம் நகரலைன்னு போட்டிருப்பா. நான் இதுல ஒரு பட்டன் தைக்கலையே. அவ பேர் முழுசா வரட்டும். நான் வேணா முன்னாடி ஒரு எழுத்தா ஒட்டிக்கிட்டு நிக்கறேன். கல்யாணத்துலேர்ந்து அப்படித்தான நின்னேன்."

நான் அங்கே ஓர் அபிப்பிராயம் சொல்ல வாயைத் திறந்தேன். தங்கை என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன். முதல்வரின் கண்ணாடி மேசை ஞாபகம் வந்தது. ஒரு வரிகூட எழுதாத அவர் பெயரைச் சேர்க்கச் சொன்னார். இந்த மனுஷர் தானாகக் கிடைத்த இடத்தை, வேண்டாம் என்கிறார். நான் உலகத்தில் எத்தனையோ பெரிய மனிதர்களோடு பழகியவன். அன்று அந்தத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவரைப் போல ஒருவரைப் பார்த்ததில்லை.

இதழாசிரியர் அதையும் ஒத்துக்கொண்டார். நெட்டை டீச்சரின் சொந்தப் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குள் முழுதாகப் போய் உட்கார்ந்தது. வீட்டுக்காரர் முன்னால் ஒரு எழுத்தானார். கட்டுரை உறுதியான பிறகு தங்கை முதல்வர் அறைக்குப் போய், "பேர் ரெண்டுதான் சார், ரெண்டும் முடிவாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வந்தாள். துறைத் தலைவர் நாற்காலியில் அவளுக்குப் பின்னால் சேர்ந்த ஒருவர் உட்கார்ந்தார். அவருக்குப் பின் இன்னொருவர். முதல்வர் வேறு ஏதோ கட்டுரையில் பெயர் சேர்த்து உயர்ந்து, பிறகு ஊரை விட்டே போய்விட்டார். தங்கை எந்த நாற்காலியில் சேர்ந்தாளோ அதே நாற்காலியிலிருந்து இந்த மாதம் எழுந்திருக்கிறாள். அதன் ஒரு கால் ஆடியது. நான்தான் இரண்டு தடவை பற்றவைத்துக் கொடுத்தேன்.

வருத்தமா என்று கேட்டேன். "இருக்கு அண்ணா" என்றாள். இல்லை என்று சொல்வாள் என நினைத்திருந்தேன்.

முதல்வர் சொல்லியும் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த அந்தக் கீலை, கடைசியில் சரிசெய்யப் போன நாளைச் சொல்லி முடிக்கிறேன். முதல்வர் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் கேட் என்னுடையது. நல்ல எண்ணெயாகவே எடுத்துப் போயிருந்தேன். கட்டுரை அச்சாகி வந்த புதிது. பக்கத்து வகுப்பறையில், முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகிற மாணவிகள். தங்கை கட்டுரையின் பிரதிகளை அவர்களுக்குக் கொடுத்திருந்தாள்.

"முதல்ல எழுதினவங்க பேரைப் படிங்க" என்றாள்.

ஒருத்தி முணுமுணுத்தாள்.

"கேக்கலை. முழுப் பேரையும் சொல்லு."

வகுப்பே சேர்ந்து சொன்னது. ஜன்னல் வழியாக நெட்டை டீச்சரின் பெயர் வெளியே வந்தது.

"இவங்க இப்ப எங்க மேடம் வேலை பார்க்கிறாங்க? பார்க்கலாமா?" என்றாள் ஒரு பெண்.

தங்கை, அக்கா சொல்லிக் கொடுத்தபடி, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு, "பேர் பக்கத்துல ஒரு சின்னக் குறி இருக்கு. கீழ போய்ப் படி" என்றாள்.

அந்தப் பெண் ஆங்கிலத்தில் படித்தாள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் படித்து முடித்ததும் வகுப்பில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை, அதிலிருந்து தெரிந்துகொண்டேன். கேட் காற்றில் அசையப் பார்த்தது. எண்ணெய் இன்னும் உள்ளே இறங்கவில்லை. கத்திவிடப் போகிறதே என்று இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.